சிந்தசைசரில் பண்பேற்றம்: ஒரு வரலாறு – விழுப்புரம், திண்டிவனம் மேடைகளை முன்வைத்து

ஒன்றின் மாற்றத்தைக் கொண்டு இன்னொன்றை மாற்றுவதற்குப் பண்பேற்றம் என்று பெயர். மேல்நிலைப் பள்ளி இயற்பியலில், வானொலி ஒலிபரப்பு பற்றிய பாடத்தில் மாணவர்கள் இச்சொல்லைப் படிக்கிறார்கள். அறிவிப்பாளரின் குரல் ஊர்தி அலையின் வீச்சை மாற்றினால் அது வீச்சுப் பண்பேற்றம். அதிர்வெண்ணை மாற்றினால் அதிர்வெண் பண்பேற்றம். சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியிலும் இதே கொள்கைதான் செயல்படுகிறது. கருவிக்குள் பிறக்கும் ஒலி தன்னளவில் சீரானது, மாறாதது, கேட்கச் சலிப்பானது. அதன் சுருதியையும் உரப்பையும் நிறத்தையும் வேறொன்று தொடர்ந்து மாற்றிக்கொண்டிருந்தால்தான் அது இசையாகத் தோன்றும். அவ்வாறு மாற்றும் பொருளே பண்பேற்ற மூலம்.

இம்மூலங்களின் வரலாறு அமெரிக்கா, பிரான்சு, ஜப்பான் நாடுகளின் ஆய்வகங்களில் தொடங்கினாலும், நம் ஊர்க் கோயில் மேடை வரை வந்து நிற்கிறது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் ஆர்மோனியமும் முகவீணையும் ஒலித்த இடத்தில் இன்று கீபோர்டு ஒலிக்கிறது. அது எந்த அளவுக்கு அந்த இடத்தை நிரப்புகிறது என்பது, வாசிப்பவர் பண்பேற்ற மூலங்களை எப்படிக் கையாள்கிறார் என்பதைப் பொறுத்தது.

ஆர்மோனியம் எழுப்பிய கேள்வி

கட்டைகள் கொண்ட கருவியில் நம் இசையை வாசிக்க முடியுமா என்ற கேள்வி சிந்தசைசருக்கு முன்பே எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியம், இங்கே கையால் துருத்தியை இயக்கும் சிறு பெட்டியாக மாறி, நாடக மேடை, பஜனை மடம், தெருக்கூத்து என எங்கும் பரவியது. எடுத்துச் செல்ல எளிது. அடிக்கடி சுருதி சேர்க்க வேண்டியதில்லை. பாடுபவருக்குத் துணையாக நிற்கும்.

ஆனால் அதில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே ஒன்றுமில்லை. வீணையில் தந்தியை இழுத்தும், நாகசுரத்தில் மூச்சையும் விரலையும் கொண்டும் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லலாம். ஆர்மோனியத்தில் தாவத்தான் முடியும். கமகம் இல்லாத கருவி என்ற இக்குறையை முன்வைத்து, 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. இரவீந்திரநாத் தாகூரும் ஆர்மோனியத்தை எதிர்த்தவர்களுள் ஒருவர். 1971இல்தான் இத்தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. தடை சரியா தவறா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அது சுட்டிய குறை உண்மையானது: கட்டையை அழுத்திய பிறகு, ஒலிக்கும் சுரத்தை வாசிப்பவரால் அசைக்க முடியவில்லை.

முதல் மின்னிசைக் கருவிகள்

அதே காலத்தில் ஐரோப்பாவில் பிறந்த மின்னிசைக் கருவிகள் இக்குறையை வேறு வழியில் அணுகின. 1920ஐ ஒட்டி இரசிய அறிவியலாளர் லியோன் தெரமின் உருவாக்கிய கருவியில் தொடுவதற்கே எதுவும் இல்லை. ஓர் அலைக்கம்பியின் அருகே வலக்கையை அசைத்தால் சுருதி மாறும். மற்றொன்றின் அருகே இடக்கையை அசைத்தால் உரப்பு மாறும். 1928இல் பிரான்சில் மொரீஸ் மார்த்தனோ அறிமுகப்படுத்திய ஓந்த் மார்த்தனோவில், கம்பி ஒன்றில் கோத்த மோதிரத்தை வலக்கை விரலில் அணிந்து சுருதியை வழுக்கலாம். இடக்கை ஒரு சிறு விசையை அழுத்தி ஒலியின் எழுச்சியையும் தணிவையும் தீர்மானிக்கும். வலக்கை சுரத்தைச் சொல்ல, இடக்கை அதன் குணத்தைச் சொல்லும் இந்த வேலைப் பகிர்வை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் வரும் வரலாறு முழுவதும் இது திரும்பத் திரும்ப வரும்.

இந்தியத் திரையிசையில் மின்னிசைக் கருவி புகழ்பெற்றது 1954இல் வெளிவந்த நாகின் என்னும் இந்திப் படத்தால். ஹேமந்த் குமார் இசையமைத்த அப்படத்தில் பாம்பாட்டியின் மகுடி போல ஒலிப்பது மகுடி அன்று. பின்னாளில் இசையமைப்பாளராகப் பெயர்பெற்ற கல்யாண்ஜி, கிளாவியோலின் என்னும் மின்னணுக் கருவியில் வாசித்தது அது. 1947இல் பிரான்சில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் வடிவமைத்த இக்கருவியில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். ஆனால் சுருதியை மெல்ல நடுங்கவைக்கும் அமைப்பு அதில் உண்டு. மகுடி என்று மக்கள் நம்பியதற்கு ஒலியின் நிறத்தோடு அதன் அசைவும் காரணம்.

மின்னழுத்தம் என்ற பொது மொழி

1964இல் அமெரிக்கப் பொறியாளர் இராபர்ட் மூக், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து உருவாக்கிய சிந்தசைசரே பண்பேற்றத்தை ஒரு முறைமையாக்கியது. சுரத்தைப் பிறப்பிக்கும் அலையியற்றி, ஒலியின் நிறத்தை மாற்றும் வடிப்பான், உரப்பை மாற்றும் பெருக்கி ஆகிய மூன்றையும் அவர் மின்னழுத்தத்தால் கட்டுப்படும்படி செய்தார். அலையியற்றிக்குத் தரும் மின்னழுத்தம் 1 வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். அந்த மின்னழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று கருவி கேட்பதில்லை. கட்டையிலிருந்து வரலாம், திருகிலிருந்து வரலாம், இன்னோர் அலையியற்றியிலிருந்தும் வரலாம். ஒரு கம்பியைப் பிடுங்கி வேறிடத்தில் செருகினால் போதும், எதுவும் எதையும் மாற்றும்.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் டான் புக்லா தனியாக ஒரு சிந்தசைசரைச் செய்தார். அதில் பியானோக் கட்டைகளை வைக்காமல், விரல் படும் தொடுதகடுகளை வைத்தார். கட்டைகள் இருந்தால் பழைய இசையே வரும் என்பது அவர் எண்ணம். சந்தையில் வென்றது மூக்கின் கட்டைகள்தான்.

மூக்கின் சிந்தசைசர் இந்தியாவுக்கு விரைவிலேயே வந்தது. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், கீதா சாராபாயின் முயற்சியாலும் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் உதவியாலும் ஒரு மின்னிசைக் கூடம் அமைந்தது. கீதா சாராபாயுடன் அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே இசை உருவாக்கினர். சில ஆண்டுகளில் கூடம் ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் அலமாரியில் கிடந்தன. 2017இல் பிரிட்டிஷ் கலைஞர் பால் புர்காஸ் அவற்றைக் கண்டெடுத்த பிறகே இப்படி ஒன்று நடந்தது என்பது பரவலாகத் தெரியவந்தது. எழுதிவைக்காத வரலாறு எவ்வளவு எளிதில் மறைகிறது என்பதற்கு இது ஒரு சான்று.

மூலங்கள் எவை?

பண்பேற்றத்தைப் புரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும்: எது மாற்றுகிறது? எதை மாற்றுகிறது? எவ்வளவு மாற்றுகிறது? முதல் கேள்விக்கான விடைதான் மூலம். மூலங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தாழ் அதிர்வெண் அலையியற்றி. எல்.எஃப்.ஓ. என்று சுருக்கமாகச் சொல்வர். இதன் அலைவு பெரும்பாலும் நொடிக்கு 20 தடவைக்கும் குறைவு. காதுக்கு ஒரு சுரமாகக் கேட்காது. ஆனால் வேறொன்றை அசைக்கும். சுருதியை அசைத்தால் குரலில் வரும் நடுக்கம் போன்ற அதிர்வு. உரப்பை அசைத்தால் ஒலி கூடிக்குறையும் துடிப்பு. வடிப்பானை அசைத்தால் வாயைத் திறந்து மூடுவது போன்ற ஒலி.

இரண்டாவது, என்வலப். ஒரு சுரம் பிறந்து மறையும் வரை அதன் போக்கை வரையும் கோடு இது. 1965இல் இசையமைப்பாளர் விளாடிமிர் உசாசெவ்ஸ்கி மூக்கிடம் கேட்டுக்கொண்டபடி இக்கோடு நான்கு கட்டமாக வகுக்கப்பட்டது: எழுச்சி, தணிவு, நிலைப்பு, விடுப்பு. நம் கருவிகளை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். வீணைத் தந்தியை மீட்டியதும் ஒலி உடனே எழுந்து, மெல்லத் தணிந்து, மறைந்துவிடும். நிலைப்பு என்பதே இல்லை. நாகசுரத்தில் மூச்சு உள்ளவரை நிலைப்பு உண்டு. மூச்சை நிறுத்தியதும் ஒலி சட்டென நிற்கும். ஒரே அலைக்கு இந்த நான்கு எண்களை மாற்றினாலே மீட்டும் கருவி ஊதும் கருவியாகத் தோன்றத் தொடங்கும்.

மூன்றாவது, எழுந்தமான மூலம். முன்கூட்டிச் சொல்ல முடியாத மின்னழுத்தங்களைக் குறித்த இடைவெளியில் எடுத்துத் தருவது. பழைய அறிவியல் புனைகதைப் படங்களில் கணினி "யோசிக்கும்போது" கேட்கும் துள்ளல் ஒலிகள் இத்தகையவை.

நான்காவது, வாசிப்பவரின் உடல். கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்துகிறார், அழுத்திய பின் எவ்வளவு பலம் கொடுக்கிறார், இடக்கைச் சக்கரத்தை எவ்வளவு சுழற்றுகிறார், காலால் மிதியை எவ்வளவு மிதிக்கிறார் என்பன. முதல் மூன்றையும் கருவியே செய்துகொள்ளும். நான்காவதை மனிதர்தான் செய்ய வேண்டும்.

சென்னைக்கு வந்த வழி

1970இல் வந்த மினிமூக், கம்பிகளை உள்ளே மறைத்து, மேடைக்கு எடுத்துச் செல்லும் அளவுக்குச் சிந்தசைசரைச் சுருக்கியது. கட்டைகளின் இடப்புறத்தில் இரண்டு சக்கரங்கள் இருந்தன. ஒன்று சுருதியை மேலும் கீழும் வளைக்க; மற்றொன்று பண்பேற்றத்தின் அளவைக் கூட்டிக் குறைக்க. ஓந்த் மார்த்தனோவில் இடக்கைக்குக் கிடைத்த வேலை இங்கே சக்கர வடிவில் திரும்பி வந்தது. யமாஹா இதே போன்ற சக்கரங்களை வைத்தது. ரோலண்டு இரண்டையும் ஒரே நெம்புகோலில் சேர்த்தது. கோர்க் நான்கு திசையிலும் அசையும் குச்சியாக்கியது.

1982இல் மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்டின் மூன்று கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அவற்றுள் டிபி-303 என்ற சிறு கருவியில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும் வசதி இருந்தது. அன்று கவனம் பெறாத அந்தத் தட்டு 2010இல் மறுவெளியீடு கண்டபோது உலகெங்கும் பேசப்பட்டது.

1983 இரண்டு வகையில் முக்கியமான ஆண்டு. முதலில், யமாஹாவின் டிஎக்ஸ்7. இதன் அடிப்படையை 1967இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்தார். சுருதியை நடுங்கவைக்கும் அலைவின் வேகத்தை அவர் கூட்டிக்கொண்டே போனார். ஓர் எல்லைக்கு மேல் நடுக்கம் நடுக்கமாகக் கேட்கவில்லை. புதிய ஒலிநிறமாகக் கேட்டது. வானொலிப் பாடத்தில் வரும் அதிர்வெண் பண்பேற்றமே இங்கே இசைக்கருவியானது. விரல் வேகத்துக்கு ஏற்ப ஒலியின் நிறமே மாறும் வசதி டிஎக்ஸ்7இல் இருந்தது. வாயில் வைத்து ஊதி ஒலியை மாற்றும் மூச்சுக் கட்டுப்படுத்தியையும் இணைக்கலாம்.

இரண்டாவது, மிடி. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தம்முள் பேசிக்கொள்ளும் பொது விதி இது. அமெரிக்காவின் டேவ் சுமித்தும் ஜப்பானின் இக்குட்டாரோ காக்கேஹாஷியும் இதற்கு முன்னின்றனர். இதில் இடக்கைப் பண்பேற்றச் சக்கரத்துக்குக் கட்டுப்பாட்டு எண் 1 தரப்பட்டது. மூச்சுக் கட்டுப்படுத்திக்கு எண் 2. சக்கரத்தின் நிலை 0 முதல் 127 வரையிலான எண்ணாகச் செல்லும். சுருதி வளைவுக்கு மட்டும் 16,384 படிகள். காது சுருதியில் வரும் சிறு தாவலையும் கண்டுகொள்ளும் என்பதே காரணம்.

மூன்றே ஆண்டுகளில் இவ்விதி தமிழ்த் திரையிசைக்கு வந்தது. 1986இல் வெளிவந்த புன்னகை மன்னன் படத்தில் இளையராஜா கணினி வழிச் சீக்குவென்சரைப் பயன்படுத்தினார். அதை இயக்கியவர் அப்போது இளைஞராக இருந்த ஏ.ஆர். ரகுமான். 1992இல் ரோஜா வெளிவந்த பிறகு சிந்தசைசர் தமிழகத்தில் எந்த வீட்டுக்கும் அந்நியமான ஒலியாக இல்லை.

சக்கரமும் கமகமும்

ஆர்மோனியத்தின் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டுக்கு இடக்கைச் சக்கரம் விடை தருகிறதா? தோடி இராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். அது சாதாரண காந்தாரம். ஆனால் பாடும்போது ஓரிடத்தில் நிற்பதில்லை. கீழே சுத்த ரிஷபத்தையும் மேலே சுத்த மத்திமத்தையும் தொட்டு அசைகிறது. கட்டைகளில் எண்ணினால் காந்தாரத்திலிருந்து ரிஷபம் இரண்டு அரைச்சுரம் கீழே. மத்திமம் இரண்டு அரைச்சுரம் மேலே. பெரும்பாலான கீபோர்டுகளில் சுருதிச் சக்கரம் இயல்பாக நகரும் எல்லையும் மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரமே. ஆக, தோடியின் காந்தாரம் அசையும் தூரம் முழுவதும் அந்தச் சக்கரத்துக்குள் அடங்கிவிடுகிறது.

தூரம் அடங்குவதால் மட்டும் கமகம் வந்துவிடாது. அதே அசைவை எல்.எஃப்.ஓ.விடம் ஒப்படைத்தால் அது கடிகாரம் போல ஒரே வேகத்தில் ஒரே அளவில் ஆட்டும். கம்பிதம் அப்படி ஆடுவதில்லை. முந்திய சுரம் எது, அடுத்தது எது, காலப்பிரமாணம் என்ன என்பதைப் பொறுத்து அதன் வேகமும் அகலமும் மாறும். ஓர் ஆவர்த்தனத்தில் இரண்டு முறை வரும் ஒரே சுரம்கூட இரண்டு வகையாக அசையலாம். எனவே கமகத்துக்கு உரியது நான்காவது வகை மூலமே: இசை அறிந்த கை. கீபோர்டில் முழுக் கர்நாடக இசைக் கச்சேரி செய்யும் கே. சத்யநாராயணன் போன்றோர் இது இயலும் என்று மேடையில் காட்டியுள்ளனர்.

விழுப்புரம், திண்டிவனம் மேடைகள்

செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பகுதி தெருக்கூத்துக்குப் பேர்போனது. திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூலக்கோயிலாகக் கருதப்படும் மேலச்சேரி செஞ்சிக்கு அருகேதான் உள்ளது. பாரதக் கூத்தில் மிருதங்கம், தாளம், ஆர்மோனியம், முகவீணை ஆகியவை பக்க இசை. ஆர்மோனியம் சுருதியைக் காக்கும். சிறிய நாகசுரம் போன்ற முகவீணை நடிகரின் பாட்டைத் தொடர்ந்து சென்று இழைக்கும். கட்டையில் இல்லாத அசைவை முகவீணை தந்ததால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக நின்றன.

கூத்து நடந்த அதே திருவிழாக்களில் திரைப்பாடல் இன்னிசைக் கச்சேரிகளும் பெருகின. ஒரு கீபோர்டில் புல்லாங்குழல், வயலின், நாகசுரம் எல்லாம் பொத்தானில் கிடைக்கத் தொடங்கியதும், பத்துப் பேர் அமர்ந்த மேடையில் நான்கைந்து பேர் போதும் என்றாயிற்று. விழாக்குழுவுக்குச் செலவு குறைந்தது. கருவிக் கலைஞருக்கு அழைப்பும் குறைந்தது. இதைக் கணக்கில் கொள்ளாமல் கருவியின் பெருமையை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

இக்கட்டுரையாளர் திண்டிவனம் வட்டாரத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்தவர். ஓய்வுக்குப் பின் விக்கிரவாண்டிப் பக்கம் ஓர் ஆடித் திருவிழாவில், பழைய மாணவர் ஒருவர் கீபோர்டு வாசிப்பதைக் காண நேர்ந்தது. நாகசுர ஒலியில் ஒரு பக்திப் பாடலை வாசித்தார். சுரம் பிசகவில்லை, ஆனால் கார் பின்னோக்கி வரும்போது எழுப்பும் ஒலி போல இருந்தது. இடைவேளையில், "இடது பக்கம் இருக்கிற நெம்புகோலைத் தொடவே இல்லையே, தம்பி?" என்று கேட்டதற்கு, "அது கெட்டுப்போயிருக்குமோன்னு தொடுறதில்ல சார். யாரும் சொல்லிக் குடுக்கல," என்றார். பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த கூத்துக் குழுவின் முகவீணைப் பெரியவர் ஒரு வரியை வாயால் பாடிக் காட்டினார். மாணவர் அதைக் கேட்டு நெம்புகோலை மெல்ல அசைத்தார். நாலைந்து முறை தப்பியது. பிறகு ஓரிடத்தில் பெரியவர் தலையை ஆட்டி, "அங்கதான் நில்லு, இன்னும் கொஞ்சம் தாமசமா இறங்கு," என்றார். இயற்பியல் வகுப்பில் பண்பேற்றத்தைப் பலகையில் பல ஆண்டு வரைந்துகாட்டிய எனக்கு, அது என்னவென்று காதால் விளங்கியது அன்றுதான்.

இன்றைய நிலை

கட்டையே இல்லாத வழுக்குப் பரப்புகள் இன்று வந்துள்ளன. லிப்போல்ட் ஹேக்கன் உருவாக்கிய கன்டினம் என்னும் கருவியில் விரலை நகர்த்தினால் சுருதி தடையின்றி நகரும். 2009இல் வெளிவந்த டெல்லி-6 படப் பாடல் ஒன்றில் ஏ.ஆர். ரகுமான் இதைப் பயன்படுத்தினார். 2018இல் ஏற்கப்பட்ட எம்.பி.இ. என்னும் மிடி விரிவாக்கம், ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களில் ஒவ்வொன்றையும் தனித்தனியே அசைக்க வழிசெய்தது. 2020இல் வந்த மிடி 2.0 அந்த அசைவுகளை 128 படிகளுக்குப் பதிலாக மிக நுண்ணிய படிகளில் அனுப்புகிறது.

விலை உயர்ந்த இக்கருவிகள் நம் ஊர் மேடைக்கு வர நாளாகும். ஆனால் யமாஹா நிறுவனம் சென்னைக்கு அருகே செங்கல்பட்டு மாவட்டத்திலேயே கீபோர்டு தயாரிக்கிறது. தபேலா, தம்புரா முதலிய இந்திய ஒலிகள் கொண்ட கீபோர்டுகள் சிற்றூர் மாணவர்களிடமும் உள்ளன. சுருதியை வளைக்கும் சக்கரமோ நெம்புகோலோ கொண்ட கருவி கையில் இருப்பவருக்குக் கமகத்தின் வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. அதற்குள் எப்படி நுழைவது என்று சொல்லித்தருவோர்தாம் குறைவு. சொல்லித்தரக்கூடிய முகவீணைக் கலைஞர்கள் இப்பகுதியில் இன்னும் இருக்கிறார்கள், பெரும்பாலும் முதியவர்கள். கீபோர்டு வாசிக்கும் இளைஞர்கள் அவர்கள் அருகே சில மாலைகள் அமர்ந்து, கேட்டதை இடக்கையால் செய்து பார்ப்பதும், அதைக் கைப்பேசியில் பதிந்துவைப்பதும் இன்றே தொடங்கக்கூடிய பணி.